அப்கிரேடுக்குப் பிறகு விஎம் காணோமா? அக்கா சொல்வதைக் கேள்

முதலில் மவுஸிலிருந்து கையை எடு. மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு நீ போன் பண்ணி, "அக்கா, எல்லாம் போச்சுக்கா, லிஸ்ட்டுல ஒண்ணுமே இல்ல" என்றாய். "அதுக்கப்புறம் நீ என்னடா பண்ணின?" என்று நான் கேட்டதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் மென்பொருளை அப்கிரேடு செய்தபின் தரவு தொலைந்தது என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்கு அப்கிரேடு எதையும் தொலைக்கவில்லை. பதறிப்போய் அடுத்த பத்து நிமிடத்தில் அவர்களே தொலைத்தார்கள். அந்த வரிசையில் நானும் நின்றவள்தான்.

என் டிடிபி சென்டரில் விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் உயிரோடு இருப்பது உனக்குத் தெரியும். 2014 ஏப்ரலிலேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது. ஆனால் பேஜ்மேக்கர் 7, யூனிகோடுக்கு முந்தைய பாமினி வகை எழுத்துருக்கள், பழைய கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் எல்லாம் அதில்தான் ஒழுங்காகத் திறக்கின்றன. அதனால் புது கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் விர்ச்சுவல் மெஷினாக (விஎம்) ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக் காப்பாற்றுகிறேன். நீ கணக்கு வழக்குக்காக வைத்திருப்பதும் அதே சங்கதிதான்.

இப்போது லிஸ்ட்டுக்கு வருவோம். ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனால் ஆள் செத்துவிட்டான் என்றா அர்த்தம்? நீ பார்ப்பது வெறும் பெயர்ப் பட்டியல். விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் அந்தப் பட்டியல் தனியாக ஒரு சின்ன ஃபைலில் இருக்கிறது. உன் மெஷின் வேறொரு ஃபோல்டரில் இருக்கிறது. பட்டியல் ஃபைல் கெட்டுப்போனாலும், மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாலும், மெஷின் ஃபோல்டர் தன் பாட்டுக்குக் கிடக்கும். இன்னொன்று, அந்தப் பட்டியல் ஒவ்வொரு யூஸருக்கும் தனி. லினக்ஸில் 'சூடோ' போட்டுத் திறந்தாலோ, விண்டோஸில் வேறு யூஸராக நுழைந்தாலோ லிஸ்ட் காலியாகத்தான் தெரியும். வழக்கமான யூஸர் பெயரில்தான் நுழைந்திருக்கிறாயா என்று முதலில் பார். இதற்கே பாதிப் பேருக்குப் போன உயிர் திரும்பி வரும்.

அப்படியும் இல்லையென்றால் டிஸ்க் ஃபைலைத் தேடு. பெயர் மறந்திருந்தாலும் பரவாயில்லை, அளவை வைத்துத் தேடலாம். வீட்டிலேயே குண்டான ஃபைல் அதுவாகத்தான் இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் பெயர் விடிஐ என்று முடியும், விஎம்வேர் என்றால் விஎம்டிகே, ஹைப்பர்-வி என்றால் விஎச்டிஎக்ஸ். நீ இடம் மாற்றியிருக்காவிட்டால், உன் யூஸர் ஃபோல்டருக்குள் 'விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்' என்ற ஃபோல்டரில் மெஷின் பெயரிலேயே அது இருக்கும்.

விண்டோஸையே அப்கிரேடு செய்து, பழைய ஃபைல்களை வைத்துக்கொள்ளாமல் விட்டிருந்தால் சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டரைத் திற. அதற்குள் யூஸர்ஸ், அதற்குள் உன் பெயர். அங்கே உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு நாள் கணக்கு இருக்கிறது. பத்து நாள் போனால் விண்டோஸே அதைத் துடைத்துவிடும். டிஸ்க்கில் இடம் இல்லை என்று 'கிளீனப்' ஓட்டினால் பத்து நாள்கூடத் தாங்காது.

கண்டுபிடித்ததும் உடனே திறக்கத் துடிக்காதே. அந்த ஃபோல்டரை அப்படியே, முழுசாக, வேறொரு ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி எடு. பெரிய ஃபைல் மட்டும் போதும் என்று நினைக்கக் கூடாது. பென்டிரைவில் போட்டால் 'ஃபைல் பெரிதாக இருக்கிறது' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இடம் இருக்கிறதே என்று நீ குழம்புவாய். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒற்றை ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வேண்டும்.

காப்பி முடிந்ததா? இப்போது விர்ச்சுவல்பாக்ஸைத் திறந்து 'மெஷின்' மெனுவில் 'ஆட்' கொடுத்து, ஃபோல்டருக்குள் விபாக்ஸ் என்று முடியும் சின்ன ஃபைலைக் காட்டு. பெரும்பாலும் மெஷின் எழுந்து வந்துவிடும். அந்தச் சின்ன ஃபைல் காலியாகவோ கெட்டோ இருந்தால் பக்கத்திலேயே அதே பெயரில் 'பிரெவ்' என்ற வாலோடு ஒன்று இருக்கும். அது முந்தைய நகல். வாலை வெட்டிப் பெயரை மாற்றினால் வேலை செய்யும். லிஸ்ட்டில் பாதி செத்தது மாதிரி நிற்கும் பழைய பெயரை நீக்கவேண்டி வந்தால், கேட்கிற கேள்வியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படி. 'ரிமூவ் ஒன்லி' பெயரை மட்டும் எடுக்கும். பக்கத்தில் இருக்கும் 'டிலீட் ஆல் ஃபைல்ஸ்' என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நான் சொதப்பிய கதை. அப்போது நான் இவ்வளவு பொறுமையாக இல்லை. ஆவணி மாசம், வாசலில் மூன்று பார்ட்டி, லிஸ்ட்டில் மெஷின் திறக்கவில்லை. புதிதாக ஒரு மெஷின் செய்து, ஃபோல்டரில் இருந்த பெரிய விடிஐ ஃபைலை அதில் மாட்டினேன். எக்ஸ்பி பாட்டோடு அழகாகத் திறந்தது. பெருமையாகக் காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்த்தால், கடைசியாக இருந்தது பங்குனி மாசத்துப் பத்திரிகை. ஐந்து மாத வேலையைக் காணோம்!

நடந்தது இதுதான். பங்குனியில் புது பிரிண்டர் டிரைவர் போடுமுன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, எடுத்ததையே மறந்துபோனேன். ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் பெரிய ஃபைல் உறைந்துவிடும். அதன்பின் நீ எழுதுவதெல்லாம் 'ஸ்னாப்ஷாட்ஸ்' ஃபோல்டருக்குள், வளைந்த அடைப்புக்குறியும் நீளமான எண்ணெழுத்துப் பெயருமாக, குப்பை ஃபைல் மாதிரித் தெரியும் ஒன்றில் சேரும். நம் தொழிலில் சொன்னால், பக்கத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்துத் திருத்தம் எழுதுகிறோமே, அது மாதிரி. நான் என்ன செய்தேன்? அடியில் இருந்த பக்கத்தை மட்டும் திறந்தேன். எக்ஸ்பி எழும்போதே அந்தப் பக்கத்தில் கிறுக்க ஆரம்பித்துவிட்டது. அரைமணி நேரம் நானும் அதில் வேலை பார்த்தேன். அப்புறம் டிரேசிங் தாளை எடுத்து வைத்தால் திருத்தம் எந்த வரியில் போய் விழும்?

பதினேழு பத்திரிகை போனது. ஒரு வீட்டார் அச்சடித்த கார்டையே கொண்டுவந்து "இன்னும் இருநூறு வேணும்மா" என்று கேட்டபோது, தாய்மாமன் சித்தப்பா பெயர்கள் உட்பட அத்தனையையும் கார்டைப் பார்த்துத் திரும்ப அடித்தேன். திருத்தாமல் விட்ட ஓர் ஒற்றெழுத்துப் பிழையும் அப்படியே போனது. அவர்கள் கவனிக்கவில்லை. எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே உன் ஃபோல்டரில் அப்படிக் கோணல் பெயர் ஃபைல் இருந்தால், பெரிய ஃபைலைத் தனியாக எங்கேயும் மாட்டாதே. விபாக்ஸ் ஃபைல் வழியாக மட்டும் திற. எதுவும் சரிவரவில்லை என்றாலும், காப்பியில்தான் சோதனை, அசலைத் தொடக்கூடாது. ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று நினைப்பதையும் இன்றோடு விட்டுவிடு. ஒரே டிஸ்க்கில், ஒரே ஃபோல்டரில், ஒன்றின் தோளில் ஒன்று உட்கார்ந்திருப்பதற்குப் பேர் பேக்கப்பா?

அடுத்த முறை அப்கிரேடு செய்யுமுன் மெஷினுக்குள் போய் ஒழுங்காக 'ஷட் டவுன்' கொடு. 'சேவ் ஸ்டேட்' வேண்டாம். பழைய பதிப்பு தூங்கவைத்ததைப் புதிய பதிப்பு எழுப்பாமல் போகலாம். ஏற்கெனவே அப்படி மாட்டியிருந்தால், அந்த நிலையை 'டிஸ்கார்டு' செய்வது ஓடும்போது கரண்ட் போனதற்குச் சமம். சேவ் செய்யாதது போகும், டிஸ்க் தங்கும். எக்ஸ்டென்ஷன் பேக் வைத்திருந்தால் அதையும் அதே பதிப்புக்கு ஏற்று. டிஸ்க்குக்குப் பூட்டுப் போட்டிருந்தால் அந்தப் பேக் இல்லாமல் திறக்காது.

ஷட் டவுன் ஆனபிறகு ஃபோல்டரைக் காப்பி எடு. ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த காப்பியை நம்பாதே. பத்திரிகை, கணக்கு ஃபைல்களை மெஷினுக்குள்ளேயே வைக்காமல் ஷேர்டு ஃபோல்டர் வழியாக வெளியே வைத்துக்கொள். நான் இப்போது அப்படித்தான். எக்ஸ்பி நாளைக்கே செத்தாலும் எழுத்துருவும் மென்பொருளும் திரும்பப் போடும் வேலைதான் மிச்சம், ஒரு நாள் பாடு.

சனிக்கிழமை வரும்போது 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு வா, காசு நான் தருகிறேன். அதுவரை அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது என்று மானிட்டரில் சீட்டு ஒட்டு. கேம் விளையாடுகிறேன் என்று உன் மகன் வருவான், அவனுக்கும் சேர்த்து எழுது.