குழந்தையின் கிண்ணமும் கஞ்சியின் சூடும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை ஒட்டியுள்ள ஆரியசாலையில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. கேரளத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் குடும்பஸ்ரீ அலகுகள் தயாரிக்கும் ‘அமிர்தம்’ சத்துமாவு அங்கன்வாடிகள் வழியாகக் கிடைக்கிறது. ஆனால் அதைக் கஞ்சியாக்கி ஊட்டுவது வீட்டின் பொறுப்பு. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

ஒரு வயதுக் குழந்தை மெல்ல உண்ணும், இடையில் விளையாடும். அதற்குள் ஆறும் கஞ்சி இறுகுகிறது. தாய் நீர் சேர்த்து இளக்குகிறாள். குழந்தையின் இரைப்பை கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 மில்லி லிட்டரே கொள்ளும். எட்டுக் கிலோ குழந்தைக்கு அது 240 மில்லி. அதில் ஒரு பங்கை நீர் பிடித்துக்கொண்டால் சத்து குறையாமல் என்ன செய்யும்?

1980-களில் பரோடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழி காட்டினர்: முளைகட்டிய தானிய மாவைச் சூடான கஞ்சியில் சிறிது கலந்தால், அதிலுள்ள நொதி மாவுப்பொருளைச் சிதைத்துக் கஞ்சியை இளக்கும். பின்னர் ஒருமுறை கொதிக்கவிடுதல் நலம்.

வெதுவெதுப்பாகவே நெடுநேரம் வைத்திருப்பது ஆபத்தானது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். எனவே கஞ்சியை மூடி நன்கு சூடாக வைத்து, சிறிது சிறிதாகக் கிண்ணத்தில் எடுத்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்து ஊட்டலாம். வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை இருத்துவதும் உதவும். வெந்நீர் குழந்தையின் கைக்கு எட்டலாகாது. எச்சில் கலந்த மிச்சத்தை மறுவேளைக்கு வைத்தல் கூடாது.