காய்ச்சல் விட்டது, கவனத்தை விடலாமா?



ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்தால் ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரத்தில் சளிக்காய்ச்சல் நுழையாத தெரு இல்லை. வீட்டில் ஒருவர் தும்மினால் வாரம் முடிவதற்குள் நாலு பேர் படுத்துக்கொள்கிறார்கள். மாத்திரை, மிளகு ரசம், கஷாயம் என்று ஐந்து நாள் போகிறது. காய்ச்சல் விடுகிறது. ஆறாம் நாள் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுகிறோம்.

பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சிலருக்குக் காய்ச்சல் விட்ட பிறகு மார்வலி, பக்கவாதம், கால் வீக்கம் என்று வேறு தொல்லை வருகிறது. "நல்லாத்தான் இருந்தாரு, திடீர்னு இப்படி ஆயிடுச்சு" என்று 2020, 2021 ஆம் ஆண்டுகளின் கொரோனா காலத்தில் பல வீடுகளில் சொல்லக் கேட்டோம். அந்தத் 'திடீர்' எங்கிருந்து வருகிறது, அதை எப்படித் தடுப்பது என்பதே இந்தப் பிரசுரத்தின் பாடம்.

இரத்தக் குழாயின் உட்பூச்சு

நம் இரத்தக் குழாய்களின் உட்புறம் முழுவதும் ஒரே அடுக்கு உயிரணுக்களால் ஆன மெல்லிய பூச்சு இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள வீட்டுத் தோசைக்கல்லைப் பாருங்கள். பழகின கல்லில் மாவு ஒட்டாது. அதையே சுரண்டித் தேய்த்துவிட்டால் அடுத்த தோசை பிய்ந்து வரும். அதுபோல உட்பூச்சு நன்றாக இருக்கும்வரை இரத்தம் ஒட்டாமல், உறையாமல் ஓடுகிறது. குழாய் தேவைக்கேற்ப விரிவதற்கும் சுருங்குவதற்கும் இந்தப் பூச்சுதான் உதவுகிறது.

கொரோனா, இன்ஃபுளுயன்சா போன்ற கிருமிகள் நுரையீரலைத் தாக்கும்போது, உடல் அவற்றை எதிர்த்துப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தின் சூட்டில் இந்தப் பூச்சும் புண்படுகிறது. இரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுகிறது. ஏற்கெனவே கொழுப்பு படிந்த குழாயில் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தக்கட்டி உண்டாகலாம். அது இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு, மூளையில் அடைத்தால் பக்கவாதம். காலில் உண்டான கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் மூச்சுத் திணறல்.

காய்ச்சல் விட்ட அன்றே இந்தப் புண் ஆறிவிடுவதில்லை. கல் மறுபடி பழகுவதற்கு நாள் பிடிப்பதுபோல இதற்கும் நாள் பிடிக்கும்.

எத்தனை நாள் கவனம் வேண்டும்?

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வு 2018 இல் வெளிவந்தது. பரிசோதனையில் இன்ஃபுளுயன்சா என்று உறுதியானவர்களுக்கு, முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிடச் சுமார் 6 மடங்கு இருந்தது. ஆகவே இது கொரோனாவுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல.

சுவீடன் நாட்டில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட கொரோனா நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2022 இல் வெளியிட்டார்கள். கால் நரம்பில் இரத்தக்கட்டி உண்டாகும் அபாயம் 3 மாதம் வரையிலும், நுரையீரல் அடைப்பின் அபாயம் 6 மாதம் வரையிலும் கூடுதலாக இருந்தது.

இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். அதே ஆய்வில் நுரையீரல் அடைப்பு வந்தவர்கள் முதல் 30 நாட்களில் பத்தாயிரம் பேருக்குச் சுமார் 17 பேர்தான். நோய் கடுமையாக இருந்தவர்களுக்கே அபாயம் அதிகம். முதல் அலையைவிடப் பின்னால் வந்த அலைகளில் அபாயம் குறைந்தது. முதல் மாதம் விழிப்பாகவும், அடுத்த சில மாதங்கள் கவனமாகவும் இருந்தால் போதும்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

1. பிரஷர், சர்க்கரை, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள்.
2. பீடி, சிகரெட் பிடிப்பவர்கள்.
3. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள், ஆக்சிஜன் வைத்துக்கொண்டவர்கள்.
4. கர்ப்பிணிகள், பிரசவமாகி 6 வாரம் ஆகாதவர்கள்.
5. முன்பே காலில் இரத்தக்கட்டி வந்தவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள்.

மக்கள் கேட்கும் கேள்விகள்

"சிஸ்டர், உடம்பு ரொம்ப வீக்கா இருக்கு. பிரஷர் மாத்திரையை நிறுத்தி வெச்சிருக்கேன். பரவாயில்லையா?"

நிறுத்தாதீங்க ஐயா. புண்பட்ட குழாயில் அழுத்தமும் ஏறினால் பாதிப்பு இரட்டிப்பாகும். காய்ச்சலின்போது டாக்டரே ஏதாவது மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தால், மறுபடி எப்போது தொடங்குவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சையில் ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருந்தால் சர்க்கரை ஏறியிருக்கலாம். வீடு திரும்பியதும் ஒரு தடவை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

"இரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் வாங்கிப் போட்டுக்கலாமா?"

மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கிப் போடக் கூடாது. நம் பகுதியில் மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். டெங்குவில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை இரத்தக் கசிவை உண்டாக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். இதய நோய்க்காக டாக்டர் ஏற்கெனவே ஆஸ்பிரின் கொடுத்திருந்தால், அதைத் தொடர்வதா என்று காய்ச்சல் வந்த அன்றே அவரைக் கேளுங்கள். தானாக நிறுத்தவும் வேண்டாம்.

"டி-டைமர் டெஸ்ட் எடுத்துடட்டுமா அம்மா? எல்லாரும் எடுக்கச் சொல்றாங்க."

தொல்லை ஒன்றும் இல்லாதவர்களுக்கு அது தேவையில்லை. வயது, கர்ப்பம், சாதாரணக் காய்ச்சல் ஆகியவற்றாலும் அந்த அளவு ஏறும். காசும் போகும், கவலையும் வரும். அறிகுறி இருந்தால் டாக்டர் தாமாகவே எழுதித் தருவார். அந்தக் காசுக்குப் பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பது மேல். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவற்றை இலவசமாகவே பார்க்கிறார்கள்.

"நான் மாலா-என் சாப்பிடறேங்க. கொரோனா வந்து ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்தேன். தொடரலாமா?"

நல்ல கேள்வி அம்மா. மாலா-என் மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், இரத்தம் உறையும் தன்மையைச் சற்றுக் கூட்டும். ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு நோய் வந்தவர்கள் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். காப்பர்-டி, ஆணுறை ஆகியவற்றால் இந்தத் தொல்லை இல்லை. மாற்று முறை கைக்கு வரும் முன்பு மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு, வேண்டாத கர்ப்பத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

"எப்போ வேலைக்குப் போகலாம்?"

லேசான காய்ச்சல் என்றால், காய்ச்சல் முழுவதும் விட்டு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காத நிலை வந்த பிறகு போகலாம். நோய் கடுமையாக இருந்தவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருத்துவச் சான்று பெற்று விடுப்பு எடுக்கலாம். கூலி போய்விடுமே என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டிலே செய்ய வேண்டியவை

நடங்கள்: படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் தேங்கும். முதலில் வீட்டுக்குள்ளேயே 5 நிமிடம், பிறகு 10 நிமிடம் என்று கூட்டுங்கள். தெம்பு வந்ததும் ஆவடிக்காரர்கள் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடை போகலாம். மார்வலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால் உடனே நின்றுவிடுங்கள்.

ஒரே நிலையில் இருக்காதீர்கள்: மிஷின் முன்னால் 8 மணி நேரம் நிற்பவர்களும், தையல் மிஷினிலோ கம்ப்யூட்டரிலோ உட்கார்ந்தே இருப்பவர்களும் மணிக்கு ஒரு தடவை கணுக்காலை மடக்கி நீட்டி, நாலு அடி நடந்து வாருங்கள்.

தண்ணீர் குடியுங்கள்: உடம்பு வறண்டால் இரத்தம் கெட்டிப்படும். தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள்.

உப்பைக் குறையுங்கள்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம் போதும். உங்கள் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் மாதத்துக்குள் தீர்கிறதா என்று பாருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றில் உள்ள உப்பும் கணக்கில் சேரும்.

புகையை விடுங்கள்: சிகரெட் புகை இதே உட்பூச்சைத்தான் கெடுக்கிறது. காய்ச்சலில் ஒரு வாரம் பிடிக்காமல் இருந்தவர்கள் மறுபடி தொடங்காமலே இருந்துவிடலாம். விடுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

மாத்திரை தீர விடாதீர்கள்: 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்தவர்கள், காய்ச்சல் வந்துபோனதைப் பணியாளரிடம் சொல்லி பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

தடுப்பூசி: இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை ஃபுளூ தடுப்பூசி போடுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சலே வராமல் தடுப்பது குழாயையும் காக்கும்.

உடனே 108-ஐக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள்

● நெஞ்சில் பாரம், அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை. வாயு என்று நினைத்து சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம்.
● முகம் கோணுதல், ஒரு கை துவளுதல், பேச்சுக் குழறுதல். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.
● திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் வலி, இருமலில் இரத்தம், மயக்கம்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் கட்டி நகர்ந்துவிடும்.

இந்தத் தாளைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டில் கடந்த ஒரு மாதத்தில் காய்ச்சலில் படுத்தவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், இன்று சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பிறகு இதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.