பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

அன்புள்ள மருமகளுக்கு,

ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து பிள்ளைகள் சீவலப்பேரிக்கு வந்து, ஆச்சிக்குச் சர்க்கரை எவ்வளவு, முதியோர் பென்ஷன் வருகிறதா, நகை அடகில் இருக்கிறதா, என்ன சாதி என்றெல்லாம் கேட்டுப் பதிந்துகொண்டு, கைநாட்டும் வாங்கிப் போனதாக எழுதியிருந்தாய். “பேரைப் போட மாட்டோம்னு சொன்னாங்க அத்தை, அப்போ பயமில்லைதானே?” என்றும் கேட்டிருக்கிறாய். அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போனால் நீயும் ஒரு ஃபார்மோடு யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார வேண்டி வரும். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இப்படிக் கேட்பதே தப்பு என்று மட்டும் நினைத்துவிடாதே. நம் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிற சிற்றாறு, வரும் வழியில் கங்கைகொண்டானைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. அந்த ஊரிலும் ஒரு காலத்தில் இப்படிக் கேட்டுப் பதிந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களை ஆராயச் சொன்னார். 1918இல் அது புத்தகமாக வந்தது. அதில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று கங்கைகொண்டான். 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்காக வெங்கடேஷ் ஆத்ரேயா கங்கைகொண்டானுக்குப் போனார். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி என்ன ஆனது என்று ஏறக்குறைய எழுபது வருஷத்து மாற்றத்தைச் சொல்லக்கூடிய ஊர்கள் இந்தியாவில் மிகச் சில. முன்பின் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து பதில் சொன்ன ஜனங்கள் இல்லையென்றால் அந்த அறிவு நமக்குக் கிடைத்திருக்காது. ஆச்சி சொன்ன பதிலுக்கும் அந்த மதிப்பு உண்டு.

அந்த ஆய்வுகளில் ஊர்ப்பெயர் உள்ளபடியே இருந்ததால்தான் திரும்பப் போய் ஒப்பிட முடிந்தது. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சாதியையும் அதிகாரத்தையும் ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேல், 1965இல் வந்த தம் நூலில் அந்த ஊருக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று வேறு பெயர் வைத்தார். இரண்டும் சரி என்பதுதான் என் எண்ணம். நெல் விலையையும் நிலக் கணக்கையும் எழுதும்போது ஊர்ப்பெயர் இருக்கலாம். யாருக்கு யாரோடு ஆகாது, யார் யாருக்கு அடங்கிப் போகிறார்கள் என்று எழுதும்போது ஊரையும் மறைக்கத்தான் வேண்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா? சென்னையில் ஓரளவு மறையலாம். சீவலப்பேரியில் மறைய மாட்டார். ‘எழுபது வயதைத் தாண்டிய விதவை, மகன் துபாயில், காலில் புண் ஆறாமல் விரல் எடுத்தவர்’ என்று ஓர் ஆய்வறிக்கையில் அச்சாகட்டும். அதைப் பஸ் ஸ்டாப் டீக்கடையில் படித்துக் காட்டினால் வீட்டு வாசலுக்கே வழி சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990களில், அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி இருபது டாலர் கொடுத்து வாக்காளர் பட்டியலை வாங்கினார். பிறந்த தேதி, பால், அஞ்சல் எண் மூன்றையும் பொருத்திப் பார்த்து, அந்த மாநில ஆளுநரின் பதிவையே கண்டுபிடித்தார். நம் வாக்காளர் பட்டியலிலும் பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், கதவு எண் எல்லாம் தெருவாரியாக இருக்கிறது. அதுவும் யாரும் பார்க்கக்கூடிய பட்டியல்.

அதனால் முறையாக ஆய்வு செய்கிறவர்கள் பெயரை அடிப்பதோடு நிற்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, எந்த எண் யாருடையது என்ற பட்டியலைப் பதில்களோடு சேர்க்காமல் வேறிடத்தில் பூட்டி வைப்பார்கள். வயதை 73 என்று எழுதாமல் 70க்கு மேல் என்று எழுதுவார்கள். குரல் பதிவு இருந்தால், அதை எழுத்தில் பெயர்த்துச் சரிபார்த்த பிறகு அழித்துவிடுவார்கள். தேவையில்லாததைக் கேட்கவே மாட்டார்கள். சர்க்கரை நோய் ஆய்வுக்கு ஆதார் எண் எதற்கு? நிரப்பிய ஃபார்மைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போடுகிற பழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே ஆறாது. எத்தனை போனில் அது இறங்கும், யார் அழிப்பார்கள்?

ஆனால் இதையெல்லாம்விட எனக்கு மனசில் உறுத்துவது, ஆச்சி ஏன் பதில் சொன்னாள் என்பதுதான். வந்த பிள்ளைகளைப் பஞ்சாயத்து ஆள் யாராவது கூட்டிக்கொண்டு வந்தார்களா? அப்படியென்றால் ‘மாட்டேன்’ என்று சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்காது. பென்ஷன் பற்றிக் கேட்டதும், கூட்டித் தரப் போகிறார்கள் என்று நினைத்திருப்பாள். இல்லாவிட்டால், நகை இருப்பதைச் சொன்னால் இருக்கிற பென்ஷனும் போய்விடும் என்று பயந்திருப்பாள். ஆசையிலும் பயத்திலும் வைத்த கைநாட்டு சம்மதம் ஆகாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. உடல்நலம் சம்பந்தமான ஆய்வு எதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அந்தக் குழுவின் தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். மருத்துவரோ விஞ்ஞானியோ அல்லாத ஒரு சாதாரண மனிதரும் குழுவில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் எல்லாவற்றையும் அவர்கள் பேச்சிலேயே விளக்கிச் சொல்ல வேண்டும். ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் கூடவே இருந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆச்சி கைநாட்டு வைத்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பார். வந்த பிள்ளைகளில் ஒருவரே சாட்சியாகவும் கையெழுத்துப் போட்டிருந்தால் அது செல்லாது. உன்னிடமும் ஏதாவது கேட்டார்களா? உன்னைப் போலப் பதினெட்டு வயது ஆகாதவர்களிடம் பெற்றோர் சம்மதம், பிள்ளையின் சம்மதம் இரண்டும் வாங்க வேண்டும்.

சட்டமும் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றினார்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆராய்ச்சிக்கு அதில் பெரிய விலக்கு கொடுத்திருக்கிறார்கள். என் கணக்கில் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: திரட்டிய தகவலை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அதாவது ஆச்சி நகையைப் பற்றிச் சொன்னது தாலுகா ஆபீசுக்குப் போய் அவள் பென்ஷனை நிறுத்தும் காரணமாக ஆகிவிட்டால், ஆராய்ச்சி என்ற பெயரில் அந்த விலக்கைக் கேட்க முடியாது. இதை அவளிடம் எடுத்துச் சொல், நிம்மதியாகத் தூங்குவாள்.

எதற்காகத் தகவலை வாங்கினார்களோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்துகிறார்களா என்பதும் முக்கியம். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹவசுபாய் என்ற பழங்குடிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நம் வீடுகளைப் போலச் சர்க்கரை நோய்தான் பெரிய துன்பம். 1990 தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வந்து கேட்டபோது நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை வைத்து மனச்சிதைவு பற்றியும், சொந்தத்துக்குள் நடக்கும் மணம் பற்றியும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது 2003இல்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்தப் பள்ளத்தாக்கே தாங்கள் பிறந்த இடம் என்று நம்புகிற ஜனங்கள் அவர்கள். வழக்குப் போட்டார்கள். 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பித் தந்தது. யாருடைய பெயரும் வெளியே வராமலே ஒரு ஜனக்கூட்டம் முழுவதுக்கும் காயம் பட்டது. சாதியைக் கேட்டு எழுதிக்கொண்டு போகும் எந்த ஆய்வையும் பார்த்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

இனி நீ செய்ய வேண்டியது. கைநாட்டு வாங்கியபோது ஆச்சியிடம் ஒரு தாள் கொடுத்திருக்க வேண்டும்; அலமாரியிலோ ரேஷன் கார்டு உறையிலோ தேடிப் பார். அதில் ஆய்வை நடத்துகிற பேராசிரியரின் பெயரும் போன் நம்பரும், நெறிமுறைக் குழுவின் நம்பரும் இருக்கும். தாள் இல்லையென்றால், எந்தக் கல்லூரி என்று விசாரித்துத் துறைக்கே போன் பண்ணு. எதற்கான ஆய்வு, பதில்கள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், வேறு யாருக்காவது கொடுப்பார்களா என்று மரியாதையாகக் கேள். கேட்பதற்கு முன்னால் ஆச்சியிடம் அவள் விருப்பத்தைக் கேட்டுக்கொள். பதில் இருக்கட்டும் என்று அவள் சொன்னால் இருக்கட்டும். வேண்டாமென்றால், “எங்கள் ஆச்சி விலகிக்கொள்கிறார், அவர் சொன்னதை எடுத்துவிடுங்கள்” என்று சொல்லி, எழுத்தில் பதில் தரச் சொல். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை