கட்டில் இடுக்கில் பார்

அன்புள்ள செல்விக்கு,

கொசுவலை கட்டியும் கையெல்லாம் தடிப்பு, மூட்டைப்பூச்சி என்று சொன்னால் வீட்டை அசுத்தம் என்பார்களோ என்று வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். முதலில் அந்த வெட்கத்தை விடு. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலை சுற்ற வருகிறவர்களுக்கு மாடி அறையை வாடகைக்கு விடுகிற வீடு உங்களுடையது. கார்த்திகை தீபத்துக்குக் கூடத்திலும் பாய் விரிக்க வேண்டியிருக்கும். அவர்களின் பைகளும் போர்வைகளும் பஸ்ஸிலும் ரயிலிலும் சத்திரத்திலும் கிடந்து வந்தவை. மூட்டைப்பூச்சி பறக்காது, குதிக்காது. மனிதர்களின் மூட்டைமுடிச்சோடுதான் ஊர் மாறும். அதற்கு வேண்டியது ரத்தம். பளபளவென்று துடைத்த வீட்டிலும் அது கிடைக்கும்.

தடிப்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதே. கொசுக்கடியும் அப்படித்தான் இருக்கும். சிலருக்கு மூட்டைப்பூச்சி கடித்தால் உடம்பில் ஒரு அடையாளமும் தெரியாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு மெத்தையின் தையல் ஓரத்தைப் பிரித்துப் பார். கட்டில் சட்டமும் காலும் சேரும் இடுக்கு, நாடா கோத்த ஓரம், தலைமாட்டுப் பலகையின் பின்புறம், சுவரில் மாட்டிய காலண்டர், சுவிட்ச் பெட்டி, எதையும் விடாதே. மைப்பேனா தொட்டு வைத்ததுபோல் கரும்புள்ளிகள் இருக்கும். ஈரத்துணியால் ஒற்றினால் பழுப்பாகக் கலங்கும். அது செரித்த ரத்தம். உரித்துப்போட்ட தோல், 1 மில்லிமீட்டர் வெள்ளை முட்டை, 5 மில்லிமீட்டர் நீளத்தில் தட்டையான செம்பழுப்புப் பூச்சி, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் சந்தேகம் தீர்ந்தது.

இது நோய் பரப்புமா என்று பயந்திருப்பாய். பெரிய விஞ்ஞானிகளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. 1907-ல் சென்னை கிண்டி கிங் நிலையத்தில் பேட்டன் என்ற ஆய்வாளர், காலா அசார் காய்ச்சலைப் பரப்புவது மூட்டைப்பூச்சிதான் என்று கருதினார். 1942-ல் சுவாமிநாத்தும் அவருடன் சேர்ந்தவர்களும் மணல் ஈதான் பரப்புகிறது என்று நிரூபித்தார்கள். மூட்டைப்பூச்சி மனிதருக்கு எந்த நோயையும் பரப்புவதாக இன்றுவரை உறுதிப்படவில்லை. சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாதே, அது போதும். தூக்கம் கெடுவது மட்டும் உண்மையான துன்பம். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

மருந்துக் கடைக்கு ஓடாதே. 1953-ல் மலேரியா ஒழிப்புக்காக வீடு வீடாக டி.டி.டி. அடிக்கத் தொடங்கினார்கள். முதலில் மூட்டைப்பூச்சியும் செத்தது. பிறகு அந்த மருந்தைத் தாங்கும் வம்சம் பெருகியது. இன்று கொசுவுக்கு அடிக்கிற ஸ்பிரேக்களையும் பல இடங்களில் அது தாங்குகிறது. அடித்தால் பக்கத்து அறைக்குச் சிதறி ஓடும், அவ்வளவுதான். தானியத்துக்கு வைக்கிற நச்சு மாத்திரையை அறையில் வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், உன் அப்பாவின் கையைப் பிடித்துத் தடு. அதிலிருந்து வரும் வாயு சுவர் தாண்டி அடுத்த அறையில் தூங்குகிறவரையும் கொல்லும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலிக்கு மருந்து வைத்த ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மண்ணெண்ணெயும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

மூட்டைப்பூச்சியை வெல்வது சூடு. 50 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் பூச்சியும் முட்டையும் சில நிமிடங்களில் சாகும். கட்டிலை மொட்டை மாடிக்கு ஏற்றி, ஒவ்வொரு இடுக்கிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்று; பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். விரிப்பு, தலையணை உறை, கொசுவலை ஆகியவற்றில் வெந்நீர் தாங்குகிறவற்றை அதில் ஊறப்போடு. மெத்தைத் தையலில் இஸ்திரிப் பெட்டியின் ஆவியை மெதுவாகச் செலுத்து. வெயிலில் போட்டால் போதும் என்று பாட்டி சொல்வார். மெல்லிய துணிக்கும் பாய்க்கும் அது சரி. கறுப்பு பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றிச் சித்திரை வெயிலில் போட்டால் இன்னும் நல்லது. இலவம்பஞ்சு மெத்தையின் நடுவுக்கு அந்தச் சூடு எட்டாது, பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துவிடும்.

இரவில் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்து. வெறும் கிண்ணம் உதவாது. நம் வெப்ப நாட்டு இனம் வழவழப்பிலும் ஏறிவிடும். போர்வை தரையில் தொங்கக் கூடாது. அறையைப் பூட்டி வைத்தால் பட்டினியில் செத்துவிடும் என்று நம்பாதே. உண்ணாமல் மாதக்கணக்கில் கிடக்கும்.

ஒருமுறை செய்ததோடு நிறுத்தினால் அத்தனையும் வீண். தப்பிய முட்டைகள் ஒரு வாரம், பத்து நாளில் பொரியும். அதனால் இரண்டு வாரம் கழித்துக் கொதிநீரை மறுபடி ஊற்று. ஒரு மாதம் கழித்து மீண்டும் டார்ச் அடித்துப் பார். பூச்சி தென்பட்டால் மூன்றாவது முறையும் ஊற்று.

அடுத்த பௌர்ணமிக்கு மாடியில் தங்க வருகிறவர்களின் பைகளுக்காக, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இரும்பு ஸ்டாண்டு ஒன்று போடச் சொல். அவர்கள் கிளம்பியதும் விரிப்பை உதறாமல் சுருட்டி, நேராக வெந்நீர் வாளியில் போடு.

அன்புடன்,
அத்தை