அன்றைய பதிவு அன்றைக்கே

இரண்டு வருடங்களுக்கு முன் பெருநாள் நெரிசலில் எனது கடையில் 12 சாரக் கட்டுகள் குறைந்தன. களஞ்சியத்தைப் பார்க்கும் இளைஞரைச் சந்தேகித்து நாலு பேர் முன்னிலையில் கேள்வி கேட்டேன். மூன்றாம் நாள் எனது சட்டைப் பையில் ஒரு துண்டு அகப்பட்டது. நானே ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு, "பிறகு எழுதலாம்" என்று விட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவர் இன்னும் பழையபடி என்னோடு சிரித்துப் பேசுவதில்லை.

மனநல கிளினிக் ஒன்றில் தாதியாக இருக்கும் எனது தங்கையின் மகளிடம் இதைச் சொன்னேன். "மாமா, உங்களுக்குக் குறைஞ்சது துணிக்கட்டு. எங்களுக்கு ஆளே குறைஞ்சிடும்" என்றாள்.

உண்மைதான். மனநோய்க்கு எக்ஸ்ரே படம் இல்லை. நோயாளி சொன்னதும் தாதி கண்டதுமே சாட்சி. "வாழப் பிடிக்கவில்லை" என்று வெள்ளிக்கிழமை ஒருவர் சொன்னதைத் திங்கட்கிழமை எழுதினால், சனிக்கிழமை கடமையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? குளோசபின் என்ற மருந்து வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக் கூடியது. இரத்தப் பரிசோதனை முடிவைப் பதியத் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

தாமதத்துக்குக் காரணம் எப்போதும் சோம்பல் அல்ல. ஆட்கள் வரிசையாக வருகிறார்கள். ஒரே விபரத்தை மூன்று படிவங்களில் எழுத வேண்டியுள்ளது. ஏசுவதால் மட்டும் இது திருந்தாது. அவளிடம் கேட்டறிந்தவை இவை:

1. நோயாளி எழுந்து போகுமுன், அவர் முன்னிலையிலேயே எழுதி வாசித்துக் காட்டுதல். பிழையிருந்தால் அவரே திருத்துவார். அமெரிக்க மனநல நிலையங்கள் பலவற்றில் இம்முறை உண்டு.

2. படிவத்தைச் சுருக்குதல். அமெரிக்க மருத்துவர் லோரன்ஸ் வீட் 1968இல் விளக்கிய பதிவு முறையோடு பரவிய தலைப்புகள் நான்கே: நோயாளி சொன்னது, நாம் கண்டது, நமது கணிப்பு, அடுத்துச் செய்வது.

3. எழுதும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட்டு ஒதுக்குதல்.

4. பொறுப்பாளர் தினமும் முடியாத பதிவுகளை எண்ணி, காரணத்தை அமைதியாகக் கேட்டல்.

5. தாமதமானால், எழுதிய திகதியையே போட்டு "தாமதப் பதிவு" எனக் குறித்தல். பழைய திகதி போடுவது பொய்க் கணக்கு.

வியாபாரிகளே, இவற்றில் எது நமது கடைக்குப் பொருந்தாது? இப்போது எனது கடையில் சிட்டை இல்லாமல் ஒரு கட்டும் வெளியேறாது. நான் கேட்டாலும் மறுக்கும் உரிமையை அந்த இளைஞருக்கே கொடுத்திருக்கிறேன். சென்ற வாரம் அவர் என்னையும் மறித்தார். நின்று எழுதிவிட்டுத்தான் போனேன்.