தேர்தல் காலமும் நம் பிள்ளைகளின் மனமும்



அமெரிக்காவில் வாக்களிக்க 18 வயது நிரம்ப வேண்டும். ஆனால் தேர்தலைப் பற்றிக் கவலைப்பட வயது வரம்பு கிடையாது. தொலைக்காட்சியில் வாக்குவாதம், பள்ளிப் பேருந்தில் கேலி, வீட்டில் தாழ்ந்த குரலில் விசாவைப் பற்றிய பேச்சு, எல்லாமே பிள்ளைகளின் காதில் விழுகின்றன. அரைகுறையாகக் கேட்டதை அவர்கள் கற்பனையால் நிரப்பிக் கொள்கிறார்கள். ஆகவே நாம் பேசாமல் இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு ஆகாது.

1. கவலையை அடையாளம் காண்போம்

சிறு பிள்ளைகள் "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று சொல்வது அரிது. வயிற்று வலி, தூக்கமின்மை, காரணம் தெரியாத கோபம், அம்மாவை விட்டு நகர மறுப்பது ஆகியவை அதைச் சொல்லும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினால், அது மீண்டும் மீண்டும் நடக்கிறது என்று அவர்கள் நினைக்கக்கூடும். 2021 ஜனவரி 6ஆம் தேதி வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்த காட்சிகள் அப்படித்தான் ஓடின. பிள்ளைகள் உறங்கிய பின் செய்தி பார்ப்பது நல்லது.

2. கேள்விக்குள் இருக்கும் கேள்வி

"யார் ஜெயிப்பார்கள்?" என்று பிள்ளை கேட்கும்போது, "நமக்கு என்ன ஆகும்?" என்ற கேள்வி அதற்குள் இருக்கலாம். "நீ என்ன கேள்விப்பட்டாய், கண்ணா?" என்று முதலில் கேட்போம். "நம்மை ஊருக்கு அனுப்பி விடுவார்களா?" என்றால், "அசடு, அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று தள்ளிவிட வேண்டாம். நம்மால் காப்பாற்ற முடியாத வாக்குறுதியும் வேண்டாம். தெரிந்ததைச் சொல்வோம்: "தேர்தல் நவம்பரில் முடிந்தாலும் ஜனாதிபதி பதவி ஏற்பது ஜனவரி 20ஆம் தேதிதான். நாளைக்கு நீ வழக்கம்போலப் பள்ளிக்குப் போவாய். விசா காரியத்தை அப்பாவும் அம்மாவும் கவனிக்கிறோம். ஏதாவது மாறினால் உன்னிடம் மறைக்க மாட்டோம்."

3. பெரியவர்களின் பழைய அச்சம்

இலங்கையில் 1977 ஜூலைத் தேர்தலை அடுத்து, ஆகஸ்டில் தமிழர் மீது வன்முறை நடந்தது. அதைக் கண்டு வந்த பெரியவர்களுக்குத் தேர்தல் என்ற சொல்லே நெஞ்சை அடைக்கலாம். பிள்ளைக்கு அந்த வரலாறு தெரியாது. அம்மம்மாவின் முகம் மட்டும் தெரியும். "அம்மம்மா முன்பு அங்கே நடந்ததை நினைத்துக் கலங்குகிறார், உன்மேல் கோபம் இல்லை" என்று விளக்குவது நம் கடமை.

4. காத்திருக்கப் பழக்குவோம்

2000ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி வாக்களிப்பு நடந்தது. புளோரிடா மாநிலத்தில் வித்தியாசம் வெறும் 537 வாக்குகள். டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை நாடே ஐந்து வாரம் காத்திருந்தது. 2020இல் செவ்வாய்க்கிழமை வாக்களிப்பு. வென்றவர் யார் என்று தொலைக்காட்சிகள் அறிவித்தது சனிக்கிழமை. தபால் வாக்குகளை எண்ண நேரம் ஆகும். தாமதம் என்றாலே ஆபத்து என்று பொருள் அல்ல. இப்படிப்பட்ட நாட்களில் சாப்பாடு, வீட்டுப்பாடம், உறக்கம் மூன்றும் நேரப்படி நடக்கட்டும். எதுவும் குலையவில்லை என்று பிள்ளைக்கு அதுவே சொல்லும்.

5. நாவைக் காப்போம்

நம் கோயிலில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பவர்கள் எல்லோரும் ஒரே கட்சிக்கு வாக்களிப்பவர்கள் அல்லர். மாற்றுக் கட்சியினரைக் கெட்டவர்கள் என்று நாம் ஏசினால், மறுநாள் பிள்ளை தன் தோழனையே பகைவனாகப் பார்க்கும். கொள்கையை மறுப்போம், மனிதரை இகழ வேண்டாம். பள்ளியில் யாராவது பிள்ளையின் நிறத்தையோ பெயரையோ கேலி செய்தால், தாமதிக்காமல் ஆசிரியரிடம் பேசுவோம்.

வீட்டுப் பயிற்சி

ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் "மாறக்கூடியவை", மறுபக்கம் "மாறாதவை" என்று எழுதுங்கள். இரண்டையும் பிள்ளையே நிரப்பட்டும். பாட்டியுடன் ஞாயிறு தொலைபேசிப் பேச்சு, தமிழ் வகுப்பு, இரவுக் கதை என்று இரண்டாவது பக்கம் நீளும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அதை ஒட்டி வையுங்கள். கவலை வாரக்கணக்கில் நீடித்து, பிள்ளை உண்ணாமலோ உறங்காமலோ இருந்தால், குழந்தை மருத்துவரையோ பள்ளி ஆலோசகரையோ அணுகத் தயங்க வேண்டாம்.