விட்டவர் ஒருவர், பட்டது ஊரே!



பொங்கல் லீவுக்கு ஆத்தூர் பக்கம் மாமா ஊருக்குப் போயிருந்தேன். மாமா காட்டில் குச்சிக்கிழங்கு நல்லா விளையும். திரும்பி வரும்போது, வீட்டுக் கொல்லையில் நடலாம் என்று நாலு குச்சி ஒடித்து பஸ்ஸில் கொண்டு வந்தேன். அப்பா உற்றுப் பார்த்தார். "நுனியில வெள்ளையா மாவு மாதிரி ஒட்டியிருக்கே, இது என்ன?" என்றவர், நாலையும் அடுப்பில் போட்டுவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. லீவு முடிந்து அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். "உங்க அப்பா செஞ்சதுதான் சரி" என்றார்.

அது மரவள்ளி மாவுப்பூச்சி. சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்கே அதற்கு எதிரிப் பூச்சிகள் இருப்பதால் அடங்கிக் கிடக்கும். 1970களில் ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பயிரை நாசமாக்கியது. நம் நாட்டில் 2020-இல் கேரளாவின் திருச்சூரில் முதலில் கண்டுபிடித்தார்கள். பிறகு நம் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. இதற்கு ஆண் பூச்சியே வேண்டாம்; ஒரே ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டை போடும். சாற்றை உறிஞ்சுவதால் நுனி இலை சுருண்டு கொத்தாகிவிடும். நடுகிற குச்சியோடு சேர்ந்து ஊர் விட்டு ஊர் போகும்.

"அப்போ அதோட எதிரியைக் கொண்டு வந்து விட்டா போச்சே டீச்சர்?" என்று கேட்டேன்.

"விட்டாங்க. எப்படி விட்டாங்கன்னு கேளு" என்றார். அந்த எதிரி ஒரு குட்டிக் குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும்; புழு உள்ளேயே தின்று வளரும். 1981-இல் பராகுவே நாட்டில் கண்டுபிடித்து, ஆப்பிரிக்காவில் விட்டு வெற்றி கண்டார்கள். அப்படியிருந்தும் நம் விஞ்ஞானிகள் அவசரப்படவில்லை. 2021-இல் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்கு வரவழைத்து, பூட்டிய ஆய்வுக்கூடத்தில் வைத்து, வேறு நல்ல பூச்சிகளுக்குக் கெடுதல் உண்டா என்று சோதித்தார்கள். 2022 மார்ச்சில்தான் சேலம் மாவட்டத்தில் வெளியே விட்டார்கள்.

சோதிக்காமல் கொண்டு வந்தால்? 1860களின் கடைசியில் ட்ரூவலோ என்பவர், பட்டு எடுக்கலாம் என்ற ஆசையில், ஐரோப்பாவின் ஒரு அந்துப்பூச்சியை அமெரிக்காவில் தன் வீட்டில் வளர்த்தார். சில புழுக்கள் தப்பின. இருபது வருஷத்தில், 1889-இல், அந்த ஊர் மரங்களே மொட்டையாகின. மாசசூசெட்ஸ் மாநில அரசு 1890 முதல் பத்து வருஷம் போராடியும் ஒழிக்க முடியவில்லை. இன்றைக்கும் அது அங்கே ஓக் மரங்களைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது.

பூச்சியை விடுவது சுலபம். வா என்று திரும்பக் கூப்பிட முடியாது!

நாம் செய்ய வேண்டியவை:
1. வேறு ஊர்க் குச்சி, செடி, பழம் எதுவானாலும் நன்றாகப் பார்த்த பிறகே கொண்டு வர வேண்டும்.
2. வெளியூர்ப் பூச்சியை டப்பாவில் பிடித்து வந்து இங்கே திறந்துவிடக் கூடாது.
3. புதுப் பூச்சி எதையாவது கண்டால் டீச்சரிடமோ வேளாண் அலுவலரிடமோ சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துக் காட்டில் பெரியப்பா மூன்று ஏக்கர் குச்சிக்கிழங்கு போட்டிருக்கிறார். என்னுடைய நாலு குச்சியே அதற்குப் போதும். நினைத்தால் இப்போதும் பக்கென்று இருக்கிறது.

— 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி